மைக்ரோடெர்மாப்ரேஷன்: செய்துகொள்ளும் முன்

(மகளிர் பிரிவுக் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"டாக்டர், முஹூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. மைக்ரோடெர்மாப்ரேஷன் பண்ணிண்டா பொண்ணு நிறம் ஏறும்கறாளே, பண்ணலாமா?" என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. இரண்டுக்கும் பதில் "இல்லை" என்பதுதான். காரணத்தைச் சொல்கிறேன்.

இது 1985-ல் இத்தாலியில் உருவான முறை. அலுமினியம் ஆக்சைடு துகள்களை முகத்தில் பீய்ச்சி, உடனே உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். வைரத்துகள் பதித்த முனையால் தேய்ப்பதும் உண்டு. ஊசியோ மயக்க மருந்தோ தேவையில்லை. தோலின் மேலே இருக்கும் இறந்த செல்களின் அடுக்கு மட்டுமே நீங்கும்.

நிறத்தைத் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்கள் மேல்தோலின் அடியில் இருக்கின்றன. இந்தத் தேய்ப்பு அங்கே போகவே போகாது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், வெள்ளி ஆகிவிடாது. அதுபோலத்தான்.

பிறகு என்னதான் பலன்? சொரசொரப்பு, முகத்தின் சோர்ந்த தோற்றம், மெல்லிய கோடுகள் ஓரளவு குறையும். அதற்கும் ஒரு தடவை போதாது. சில வார இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டும். ஆழமான பருக்குழிகளையும் மங்கையும் இதனால் போக்க முடியாது.

சீழ்ப்பரு, எக்ஸிமா, மரு, உதட்டோரக் கொப்புளம் இருக்கும்போது செய்துகொள்ளக் கூடாது; தொற்று இருந்தால் அது பரவும். காயம் பட்டால் தழும்பு தடித்துப்போகும் உடல்வாகு உள்ளவர்களும், பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ட்ரெடினாயின், கிளைகாலிக் ஆசிட் க்ரீம்களைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். அந்த வாரத்தில் முகத்தில் வாக்ஸிங், த்ரெட்டிங் வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். "சிவப்பாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. இந்த க்ரீம் தோலையே மெலிய வைத்துவிடும். மெலிந்த தோலின் மேல் இயந்திரத்தை ஓட்டினால் சிவந்து, எரிந்து, புண்ணாகலாம். எந்த க்ரீம் தடவினாலும் அந்த ட்யூபை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

போகும் இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: செய்யப்போவது யார்? தோல் மருத்துவரின் மேற்பார்வை உண்டா? முனையை ஒவ்வொருவருக்கும் மாற்றுவார்களா அல்லது கிருமி நீக்கம் செய்வார்களா? கண்ணுக்கு மூடி தருவார்களா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

செய்துகொண்ட பின் லேசான சிவப்பு ஓரிரு நாளில் அடங்கிவிடும். பயத்தமாவு, எலுமிச்சம்பழம், ஸ்க்ரப் எதையும் ஒரு வாரம் தேய்க்காதீர்கள். வெளியே போனால் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் கட்டாயம்; மேகமூட்டமான நாளிலும்தான். நம்முடைய மாநிறத் தோலுக்குச் சிறு காயமோ வெயிலோ பட்டால் கருந்திட்டு விழுந்துவிடும். அது மறைய மாதக்கணக்காகும். பத்து நாளில் கல்யாணம் என்றால் வேண்டாம் என்பது இதனால்தான். அவசியம் செய்துகொள்ள வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்பே ஆரம்பித்து, முஹூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. சருமம் ஆரோக்கியமாக இருக்க வேண்டுமென்று ஒரு பெண் தானாக வந்தால் மனமார உதவுவேன். வரன் விளம்பரத்தில் "நல்ல நிறம்" என்று போட்டிருக்கிறது என்பதற்காக அவளை அழைத்து வராதீர்கள். அந்த வார்த்தையை எடுத்துவிடுவது நம் கையில்தான் இருக்கிறது.