பழைய பைக்குப் புதிய தேதி



காலாவதி தேதியை மாற்றி ஒட்டுவது என்றாலே சென்னைக்காரர்களுக்கு 2010-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொட்டிய மருந்துகள் புதுத் தேதியோடு கடைகளுக்குத் திரும்பிய வழக்கு அது. அந்த அச்சம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால், சோதித்துப் பார்த்து ஆயுளை நீட்டித்து, அதன்படி லேபிளை மாற்றுவது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தெளிவாகப் போடவே இந்த அவை கூடியிருக்கிறது.

ஆயுள் நீட்டிப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக அந்நாட்டு உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 1986 முதல் கையிருப்பு மருந்துகளைச் சோதித்து வருகிறது. 2006-இல் வெளியான ஆய்வின்படி, 122 மருந்துகளின் 3,005 பேட்ச்களில் 88 விழுக்காடு, அச்சிட்ட தேதிக்குப் பிறகும் குறைந்தது ஓராண்டு தாங்கின. ஒரே மருந்தில்கூட பேட்ச்சுக்குப் பேட்ச் முடிவு வேறுபட்டது. ஆகவே ஒரு பேட்ச் தேறியதை வைத்து அடுத்ததற்கும் சலுகை கேட்க முடியாது.

கிருமிநீக்கம் செய்த கதீட்டர், தையல் நூல், கையுறை போன்றவற்றில் சிக்கல் இன்னும் கூடுதல். உள்ளே இருக்கும் பொருள் மட்டுமல்ல, அதை மூடியிருக்கும் பையும் தாங்க வேண்டும். பொதுவாக, வெப்பம் 10 டிகிரி கூடினால் முதுமை இரு மடங்கு வேகம் பிடிக்கும் என்ற கணக்கில் சோதனை நடக்கிறது. 25 டிகிரி அறையில் ஓராண்டு என்பது 55 டிகிரி பெட்டிக்குள் ஏறக்குறைய 46 நாள். பிறகு சீல் பிரிகிறதா, சாயம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். இது தற்காலிகச் சான்றுதான். அறை வெப்பத்தில் நிஜமாகவே ஆண்டுகளைக் கழித்த மாதிரிகள்தான் முடிவைச் சொல்ல வேண்டும்.

பொருள் தேறிய பிறகும் லேபிள் வேலை பாக்கி இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில் உள்ள ஒரு பையை எடுத்துப் பாருங்கள். மணல்கடிகாரக் குறிக்குப் பக்கத்தில் தேதி. கீழே பார்கோடு, அதற்குள்ளும் அதே தேதி. மேலே ஸ்டிக்கர் ஒட்டிப் பார்கோடை அப்படியே விட்டால், கண்ணுக்கு ஒரு தேதி, ஸ்கேனருக்கு இன்னொன்று. பையின் காற்று புகும் டைவெக் தாள் பக்கத்தில் ஒட்டினால் பசை உள்ளே ஊடுருவுமா என்ற கேள்வி வேறு. ஒட்டுவதற்காகப் பெட்டியைப் பிரித்து, பைகளை வளைத்து அடுக்கும்போதே சீலில் நுண்ணிய பிளவு விழலாம். கிருமி நுழைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கையாளலால்தான். நாள்காட்டியின் தாள் கிழிவதால் அல்ல.

லேபிளை மாற்றாமலே நீட்டித்ததும் உண்டு. 2018-இல் அமெரிக்காவில் எபிபென் என்ற ஒவ்வாமை அவசர ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சில பேட்ச்களுக்கு நான்கு மாதம் கூடுதலாகத் தரப்பட்டது. கையில் இருக்கும் ஊசியில் பழைய தேதி; பேட்ச் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது நோயாளியின் பொறுப்பு. 2024-இல் ஹெலீன் புயல் வெள்ளம் வட கரோலினாவில் பேக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலையை முடக்கியது. அமெரிக்காவின் ஐ.வி. திரவத்தில் சுமார் 60 விழுக்காடு அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் சில தயாரிப்புகளின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது. நெருக்கடியில் அது சரியான முடிவு. ஆனால் இரவுப் பணியில் ஐந்து நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ், பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவர் நம்புவது பையில் இருக்கும் எழுத்தை.

இந்திய மருத்துவச் சாதன விதிகள் (2017) ஆயுளைச் சாதாரணமாக 60 மாதத்துக்கு மேல் போக விடுவதில்லை. அந்த வரம்புக்குள் நீட்டித்தாலும், தயாரிப்பாளரே தம் பொறுப்பில், பேட்ச் பதிவேட்டோடு மறு லேபிள் ஒட்ட வேண்டும். அச்சிட்டவை எத்தனை, ஒட்டியவை எத்தனை, கிழித்தெறிந்தவை எத்தனை என்ற கணக்கு நேராக வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், புதிய ஆயுளை இனி தயாராகும் பேட்ச்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பழைய சரக்கை அச்சிட்ட தேதியோடு முடித்துக்கொள்ள வேண்டும்.