நிரூபிக்க வேண்டியது யார்?

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருக்கும் சகோதரிகளே!

தோல் சீவுகிற மிஷினில் ரெண்டு விரல் போனவனைப் பார்த்துக் கேட்கிறார்கள்: "நீ எங்க ஆளுன்னு என்ன ஆதாரம்?" சம்பளச் சீட்டு கிடையாது. காண்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். பக்கத்தில் நின்றவன் சாட்சி சொன்னால் நாளைக்கு அவனுக்கு வேலை இல்லை. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடு அவர்கள் பீரோவில், சாவி அவர்கள் இடுப்பில், ஆதாரம் மட்டும் நாம் கொண்டுவர வேண்டுமாம்!

கைதட்டாதீங்க, இன்னும் இருக்கு.

இந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொன்னால் கோபித்துக்கொள்வார். யாருக்கு எந்தத் தோல் பதனிடும் டிரம்மில் அடிபட்டது, எந்த ஷிஃப்ட், யார் தூக்கிப் போனது, எல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கம்பெனி எழுத வேண்டியதைக் கூலிக்காரர் எழுதுகிறார்!

செத்தவர்களையும் பாருங்கள். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை சிட்கோ. விடியுமுன் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிய பத்துப் பேரைச் சகதி மூடிவிட்டது. ஒன்பது பேர் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். அப்போதிருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், விபத்து 'வேலையினால், வேலையின்போது' நடந்ததா என்று கேட்டது. தூங்கியவன் வேலையிலா இருந்தான் என்று எந்த வக்கீலும் கேட்கலாம். நான் திருப்பிக் கேட்கிறேன்: கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் வேண்டும் என்றுதானே உள்ளேயே தங்க வைக்கிறார்கள்?

சில பேர் வேறு மேடைகளில் பேசுகிறார்கள்: "டாலர் வருது, ஊர் வாழுது, வழக்குப் போட்டால் ஆர்டர் போயிடும்." ஐயா, விரல் போனவன் வீட்டில் அந்த டாலரைக் காட்டிவிட்டு வந்து பேசுங்கள்! நம் ஓட்டு வாங்கும்போது இந்த வாய் வேற மாதிரிப் பேசியது!

தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது என்ன? தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருக்கே! பாலாற்றுக்குக் கிடைத்த நியாயம், அந்த ஆற்றங்கரையில் குரோம் தண்ணீரில் கை ஊறி நிற்கிறவனுக்கு ஏன் இல்லை?

குரோமியத்தால் வரும் நோய் அந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருந்தது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து உழைத்திருந்தால், நோய் வேலையால் வந்ததென்றே கொள்ள வேண்டும் என்றது. இல்லையென்றால் முதலாளி நிரூபிக்கட்டும். நல்ல சட்டம்தான். அந்த ஆறு மாதத்தை யார் காட்டுவது? காண்ட்ராக்டர் பேரை மாற்றி மாற்றி எழுதுகிறார்களே! பெரியவர் நோட்டுதான் காட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். "எங்கள் ஆளில்லை" என்கிறவர் வருகைப் பதிவேட்டை, இழப்பீட்டை முடிவு செய்யும் அதிகாரியின் மேஜையில் வைக்கட்டும். வைக்காவிட்டால் தொழிலாளி சொன்னதே உண்மையென்று தீர்ப்பு எழுதட்டும்.

வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்த டிரம், எந்த மேஸ்திரி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பஸ் காத்திருக்கும், நான் சொல்லியிருக்கிறேன்.