ரசிகர் திருவிழாவில் ஒரு நாள்



திருவிழா என்றதும் நம் கண்முன் தேர் வரும், மேளம் ஒலிக்கும், பொரி கடலைக் கடைகள் வரிசையாக நிற்கும். நான் இன்று கூறப்போகும் திருவிழாவில் தேரும் இல்லை, மேளமும் இல்லை. கதைகளில் மட்டுமே வாழ்கின்ற மாந்தரை நேசிப்போர் ஓரிடத்தில் கூடிய விழா அது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 ஆகிய இரு நாட்களில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ‘காமிக் கான்’ என்னும் பெயரால் அது நடைபெற்றது. சென்னைக்கு அது முதல் முறை. இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பதினொரு வயதுப் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுங்கையூரிலிருந்து நானும் போயிருந்தேன்.

‘இந்த வயதில் உங்களுக்கு இது எதற்கு?’ என்று வீட்டில் கேட்டார்கள். நீங்களும் கேட்கலாம். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் இரண்டு பழைய கதைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று உலகத்தின் கதை. மற்றொன்று என் கதை.

உலகத்தின் கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. 1939-ஆம் ஆண்டு அங்கே விஞ்ஞானக் கதைகளின் ரசிகர்கள் ஏறத்தாழ 200 பேர் கூடினார்கள். முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாடு என்று அதனை இன்று குறிப்பிடுகிறார்கள். அதற்கு மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி வருங்கால மனிதரின் உடைகளைத் தம் கையாலேயே தைத்தார். அவற்றைத் தாமும் தம் நண்பர் ஒருவரும் அணிந்து வந்தார்கள். கதை மாந்தரைப் போல் வேடம் புனைந்து ரசிகர் மாநாட்டுக்கு வரும் வழக்கத்துக்கு அதுவே வித்து. 1970-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு ஹோட்டலில் சில நூறு பேரோடு சித்திரக் கதை மாநாடு தொடங்கியது; பிற்காலத்தில் அங்கே ஓர் ஆண்டில் கூடுவோர் தொகை ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டிற்று. 1975-இல் டோக்கியோவில் 32 சிறு குழுக்கள் தாங்களே வரைந்த கதைகளைப் பரப்பி வைத்தன. வந்தவர் சுமார் 700 பேர். அதுவும் இன்று கடல்போல் பெருகிவிட்டது. இந்தியாவில் இத்தகைய விழா முதன்முதலில் 2011-இல் டில்லியில் நடந்தது.

வேடம் புனைவது நமக்குப் புதிதா? தெருக்கூத்தில் துரியோதனனாக வருபவன் பகலில் ஏர் உழுதவனே. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் அரசனும் குறவனும் காளியும் குரங்குமாக வேடம் தரித்து வருவோரைக் கண்டவர்களுக்கு நந்தம்பாக்கத்துக் கூட்டம் வியப்பைத் தராது. அங்கே வேண்டுதலுக்காக வேடம். இங்கே விருப்பத்துக்காக வேடம். வேறுபாடு அவ்வளவே.

இனி என் கதை. 1972-இல் எனக்கு வயது பத்து. என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவ்வாண்டுதான் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கிற்று. அதன் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. புதுப் புத்தகம் வாங்க எங்களுக்குக் காசு ஏது? பழைய பேப்பர் கடையிலும், 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டிலும், அட்டை கிழிந்த பிரதிகளாகவே மாயாவியை நான் அறிந்தேன். கடைசிப் பக்கம் இல்லாத கதைக்கு முடிவை நானே கட்டிக்கொள்வேன்.

மாயாவியின் கதை இதுதான்: ஆராய்ச்சிக் கூடத்து விபத்தில் வலக்கையை இழந்தவனுக்கு எஃகினால் ஒரு கை பொருத்துகிறார்கள். அந்தக் கையில் மிகுந்த மின்சாரம் பாயும்போது அவன் உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. வெட்டவெளியில் ஒரு கை தனியே மிதந்து வருவதை எண்ணிப் பாருங்கள்! கொடுங்கையூரில் மின்விளக்கு அணைந்த இரவுகளில் அந்தக் கை எங்கள் சுவரெல்லாம் ஊர்ந்தது.

வளர்ந்த பின் நான் எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 450 மெகாவாட் ஆற்றலுடைய அந்த நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. மின்சாரம் பாய்ந்தால் மனிதன் கண்ணுக்கு மறைவது கதையில்தான். எங்கள் தொழிலில் அவன் உலகத்தை விட்டே மறைந்துவிடுவான் என்பதை அங்கே கற்றேன். ஆயினும் மாயாவி மீது கொண்ட அன்பு குறையவில்லை. அந்த அன்பைத்தான் பேரனுக்குக் கொடுத்தேன்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பே வேலை தொடங்கிற்று. அட்டைப் பெட்டியை வெட்டி, விரல்களுக்குக் கணுக்கணுவாக மடிப்பு வைத்து, சாப்பாடு கட்டும் வெள்ளித்தாளை ஒட்டி, முழங்கை வரை வரும் ஓர் இரும்புக்கையைச் செய்தோம். பெருவிரல் மூன்று முறை பிய்ந்தது. நான்காம் முறை நின்றது.

அன்று காலை தண்டையார்பேட்டை வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து மெட்ரோ ரயில். நிலத்தடியில் ஓடிய வண்டி சைதாப்பேட்டையைக் கடந்து வெளிச்சத்துக்கு ஏறியபோது பேரன் தன் வெள்ளிக் கையை ஜன்னலருகே நீட்டினான். வெயில் பட்டு அது மின்னிற்று. ஆலந்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

உள்ளே நுழைந்ததும் நான் கண்ட காட்சியை எப்படிச் சொல்வேன்! சிலந்தி மனிதர்கள் வரிசையில் நின்று தேநீர் குடித்தார்கள். ஜப்பானியக் கதைகளின் வாள்வீரர்கள் தரையில் அமர்ந்து அறுந்த செருப்புக்குப் பசை தடவினார்கள். முன்பின் அறியாதவர்கள், ஒரே கதையைப் படித்தவர்கள் என்னும் ஒரே காரணத்தால் கட்டித் தழுவிக்கொண்டார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி தான் வரைந்து அச்சிட்ட சிறு புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, வருவோர் போவோர் முகத்தையே பார்த்திருந்தாள். ஒருவர் அதனை வாங்கிய கணத்தில் அவள் முகத்தில் தோன்றிய ஒளி, எந்த விளக்கும் தராத ஒளி.

ஆனால் மேட்டுக்கு அடுத்தது பள்ளம். பேரன் ஆசைப்பட்ட ஒரு பொம்மையின் விலை, எங்கள் வீட்டில் பத்து நாள் காய்கறிச் செலவு. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேண்டாம் தாத்தா, சும்மாதான் பார்த்தேன்” என்றான். அந்தப் பொய் என்னைச் சுட்டது. அதனினும் பெரியது ஒன்று நேர்ந்தது. மற்ற வேடங்களைச் சூழ்ந்து படம் எடுத்தார்கள். இவனை எவரும் அடையாளம் காணவில்லை. “ரோபோவா தம்பி?” என்று ஒருவர் கேட்டார். “கையில் கட்டா?” என்றாள் ஒரு சிறுமி. இவன் முதலில் விளக்கம் சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்தினான். அதன் பிறகு கையைச் சட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஐம்பது ஆண்டுகளாக நான் போற்றிய வீரனை ஒரு பிள்ளையின் தோளில் சுமத்திவிட்டேனோ என்று எண்ணி வருந்தினேன்.

வருந்தியவன் கவனமாக இருந்தேனா? இல்லை. ஒரு மேசையில் பழைய தமிழ்ச் சித்திரக் கதைகள் இருந்தன. சிறு வயதில் கடைசிப் பக்கம் இல்லாமல் படித்த ஒரு கதை முழுமையாகக் கிடைத்தது. புரட்டினேன், முடிவைப் படித்தேன். நான் கட்டியிருந்த முடிவே நன்றாக இருந்ததென்று சொல்லத் திரும்பினால், பக்கத்தில் பேரன் இல்லை.

நண்பர்களே, ஆயிரக்கணக்கான முகங்களுக்கு நடுவே ஒரு முகத்தைத் தேடும் வேதனையை நீங்கள் அறியாதிருக்க வேண்டும். அதிலும் பாதிப்பேர் முகமூடி அணிந்திருந்தார்கள். பெயரைக் கூவினேன், ஒலிபெருக்கியின் ஓசையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கால் மணி நேரம் இருக்கும். எனக்கோ அது ஒரு யுகம். மகளிடம் என்ன சொல்வேன் என்று மனம் பதைத்தது.

அப்போது, தலைகளுக்கு மேலே, தூரத்தில், ஒரு கை தெரிந்தது. உடல் தெரியவில்லை, முகம் தெரியவில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய கை மட்டும் விளக்கொளியில் மின்னிக்கொண்டு உயர்ந்து நின்றது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். என் வயதொத்த பெரியவர் ஒருவர் பேரனை நாற்காலிமேல் நிறுத்தி, விழாமல் இடுப்பைப் பிடித்திருந்தார். நன்றி சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் சிரித்தார்.

“பதறாதீங்க ஐயா. தம்பி அழுதுக்கிட்டு நின்னான். கையைப் பார்த்ததும் மாயாவின்னு தெரிஞ்சுபோச்சு. உடம்பு மறைஞ்சாலும் அந்தக் கை மறையாதே! அதான் தூக்கிக் காட்டச் சொன்னேன்” என்றார்.

அவரும் பழைய பேப்பர் கடையில் படித்தவராம். அரைமணி நேரம் நாங்கள் இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தோம். பேரன் எங்கள் வாயையே பார்த்திருந்தான். புறப்படும்போது அந்தப் பெரியவர் அவனோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். அன்று அவனை ஒருவர் கேட்டு எடுத்த படம் அது ஒன்றே. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில் பேரன், “தாத்தா, மாயாவி நம்ம ஊர்க்காரனா?” என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். அவன் 1962-இல் இங்கிலாந்தில் ஒரு வார இதழில் பிறந்தவன். அவனை வரைந்த ஜேசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். அவனுக்குத் தமிழ் பேசக் கற்பித்தது சிவகாசி. பேரன் சிறிது நேரம் யோசித்தான். “அப்போ நம்ம ஊர்க்காரன் ஒருத்தனும் இல்லையா?” என்றான். என்னிடம் விடை இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். கொடுங்கையூர் என்றால் குப்பை மேடு என்று மட்டுமே அறிந்தவர் பலர். அந்த மேட்டில் காகிதம் பொறுக்கிப் பிழைப்பவரும், துறைமுகத்துப் பாரந்தூக்கி இயக்குபவரும், எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுபவரும் எந்தச் சித்திரக் கதையில் இருக்கிறார்கள்? ரசிப்பது நல்லது, ரசிகரோடு கூடுவது அதனினும் இனியது. ஆனால் அன்று நான் கண்டவற்றுள் உயர்ந்தது, தன் புத்தகத்தை மேசைமேல் வைத்துக் காத்திருந்த அந்தப் பெண்ணின் துணிவு. உங்களில் ஒருவரேனும் அந்த மேசைக்குப் பின்னால் ஒரு நாள் அமர வேண்டும்.

இரும்புக்கை எங்கள் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. பெருவிரல் மறுபடி பிய்ந்துவிட்டது. அதன் கீழே உட்கார்ந்து பேரன் இப்போது ஏதோ வரைகிறான். கேட்டால் காட்ட மறுக்கிறான். முடியட்டும் என்று நானும் காத்திருக்கிறேன்.