ஐந்து மூலை வெள்ளைப் பூ

தோட்டத்தில் ஆடு மாடு வளர்ப்பவர்கள் புல்லறுக்கப் போகிறார்கள். பிள்ளைகளும் கூடவே போய்ப் பூப் பறிக்கிறார்கள். அந்தப் புல்லின் நடுவே பார்த்தீனியம் என்ற நச்சுக் களை நின்றால் அதை எப்படி அடையாளம் காண்பது? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இதன் பூர்வீகம் மெக்சிக்கோ வளைகுடாப் பக்கம். 1955இல் இந்தியாவின் புனே நகரில் இதைக் கண்டார்கள். பிறகு தமிழ்நாடு வரை பரவியது. நம் நாட்டில் 2013இல் சிலாங்கூர், பத்தாங் காலியில் தென்பட்டது. கெடாவிலும் முளைத்தது. மலாயில் இதற்கு ‘ரும்பாய் மியாங் மெக்சிக்கோ’ என்று பெயர். மியாங் என்றால் மூங்கில் சுணை போல அரிப்பது.

இலை கேரட் இலை போல ஆழமாகப் பிளந்திருக்கும். இளஞ்செடியில் இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். தண்டில் நீளவாக்கில் வரிகள் ஓடும். பூ வெள்ளை, மிளகளவுதான் இருக்கும். நான்கு இதழை எண்ணிக் கடுகுப் பூவை அறிவது போல, ஐந்து மூலையைப் பார்த்து இதை அறியலாம்.

நாம் பச்சையாகத் தின்னும் உலாம் ராஜாவின் இலையும் பிளவுபட்டதுதான். ஆனால் அதன் பூ பெரியது, இளஞ்சிவப்பு. பூக்காத செடியில் சந்தேகம் வந்தால் பறிக்கவே வேண்டாம்.

இக்களையோடு அடிக்கடி பழகினால் தோல் சிவந்து அரிக்கும். மகரந்தத்தால் சிலருக்கு ஆஸ்துமா வரும். மாடு தின்றால் பால் கசக்கும். மிகுதியாகத் தின்றால் மாடே நோயுறும்.

முளைத்த ஒரு மாதத்தில் பூத்துவிடும். ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் கொடுக்கும். விதை சேற்றோடு சப்பாத்திலும் மோட்டார் சைக்கிள் சக்கரத்திலும் ஒட்டிக்கொள்ளும். பினாங்கு டத்தோ கிராமாட்டில் குடியிருக்கும் உங்கள் பிள்ளைகள் கெடா தோட்டத்துக்கு வந்து திரும்பும்போது, சக்கரத்தையும் சப்பாத்தையும் கழுவிவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள்.

புல்வெட்டும் இயந்திரத்தால் இதை வெட்டாதீர்கள். விதை சிதறும், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். பூக்குமுன், மண் ஈரமாக இருக்கையில், கையுறையும் நீளக்கைச் சட்டையும் அணிந்து, மூக்கைத் துணியால் மூடி, வேரோடு பிடுங்குங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். பூத்துவிட்டால் தொடாமல் விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

பள்ளியில் நாங்கள் படம் வரைந்து காட்டுகிறோம். ஆனால் செடியை முதலில் காணப்போவது புல்லுக்குப் போகும் நீங்கள்தான். அரிவாளை வைக்குமுன் பூவைப் பாருங்கள்.