பாடி பையன் ஜெயிச்ச மறுநாள்

2022 பிப்ரவரி, ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆன்லைன் போட்டி. 16 வயசு பிரக்ஞானந்தா, கறுப்புக் காய்ல ஆடி கார்ல்சனை 39 மூவ்ல ஜெயிச்சார். பாடி பையன், எங்க அம்பத்தூருக்குப் பக்கத்து ஏரியா! டிவி, பேப்பர்னு எங்கயும் அதே செய்தி. எங்க ஆன்லைன் செஸ் குரூப்ல சேர ஒரே கூட்டம்.

ஆனா புதுசா வந்தவர் பழைய ஆட்டக்காரர்கிட்ட வரிசையா நாலு ஆட்டம் தோத்தா, அஞ்சாவதுக்கு இருக்க மாட்டார். அதனால, குதிரை எப்படிப் போகும்னு கேக்குறவங்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தனி டோர்னமெண்ட் வெச்சோம். பிளிட்ஸ் கிடையாது, அந்தக் கடிகாரமே பயமுறுத்திடும்.

ஜூலையில மாமல்லபுரம் ஒலிம்பியாட். நேப்பியர் பாலமே செஸ் போர்டு மாதிரி ஆச்சு, இங்க அடுத்த கூட்டம் வந்துச்சு. இந்தத் தடவை அவங்களோட உக்காந்து ஆடினது பிப்ரவரில சேர்ந்தவங்கதான்.