குட்டிச் சுறாவும் பாட்டுக் குருவியும்

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சுறாவையும் குருவியையும் ‘ஒப்பிடுக’ என்றால் நம் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? அது நீரில் வாழும், இது மரத்தில் வாழும். அதற்குத் துடுப்பு, இதற்குச் சிறகு. தவறில்லை. ஆனால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு கேள்வியை வைத்தால்தான் ஒப்பீடு பாடமாகும். “பிறந்ததற்கு யார் கற்றுத் தருகிறார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் தென்கடலில் பெரும் வெள்ளைச் சுறா வாழ்கிறது. அதே நாட்டின் புல்வெளிகளில் ஜீப்ரா ஃபின்ச் என்ற பாடும் குருவி வாழ்கிறது. நம் ஊர் வளர்ப்புப் பறவைக் கடைகளில் கூண்டுக்குள் கீச்சிடும் அதே குருவிதான்.

சுறாக்குட்டி பிறக்கும்போதே ஏறத்தாழ நான்கு அடி நீளம் இருக்கும், பற்களும் இருக்கும். தாய் அதைப் பேணுவதில்லை. முதல் நாளிலிருந்தே அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் மீன்களைத் தின்று, வளர்ந்த பிறகே கடல்நாய் போன்ற பெரிய இரைகளுக்குப் போகிறது.

குருவிக் குஞ்சோ கண் திறவாமல் பொரிகிறது. பெற்றோர் இரை ஊட்டி வளர்க்கின்றன. இந்த இனத்தில் ஆண்தான் பாடும். ஆண் குஞ்சு தந்தை பாடுவதைக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிக்கிறது. ஒரு மாதத்துக்குப் பிறகு மழலைபோல் ஏதோ ஒலியெழுப்புகிறது. திருத்தித் திருத்தி, சுமார் 90 நாளில் பாட்டு நிலைபெறுகிறது. பிற பறவைகளின் பாட்டைக் கேட்காமல் தனித்து வளர்ந்த குஞ்சுக்கு இயல்பான பாட்டு அமைவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்பதைவிட, உயிருள்ள பறவை உடனிருந்தால் அது நன்றாகக் கற்கிறது.

குழந்தை குருவியல்ல, ஆனாலும் நாம் எண்ணிப் பார்க்க இதில் இடமுண்டு. முதல் வகுப்பில் மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளையை ‘மந்தம்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். அது கேட்டுப் பதிக்கும் காலத்தில் இருக்கலாம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையாகவும் இருக்கலாம். காது கேளாத குஞ்சும் பாடக் கற்பதில்லை. ஆகவே, பிள்ளையின் செவித்திறனை மருத்துவரிடம் காட்டிச் சோதிக்கச் செய்வது நம் முதல் கடமை. அடுத்து, தினமும் இரண்டு நிமிடம் அதன் அருகில் அமர்ந்து பேசுங்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள். முதலில் வரும் பிழையான சொல்லைக் கேட்டு வகுப்பு சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.