பலகையில் எழுதியதும் சமையலறையில் நடந்ததும்

போன எபிசோடைக் கேட்டுட்டு பல பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "மிஷன், பொசிஷனிங், ட்ரேட்-ஆஃப், காம்பெட்டிட்டிவ் அட்வான்டேஜ் எல்லாம் தனித்தனியா புரியுது. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

அந்தச் சம்பந்தம் தெரியாமத்தான் நான் ஒரு தொழிலை மூடினேன். மூணு நண்பர்கள் சேர்ந்து வேளச்சேரியில் மதியச் சாப்பாடு டெலிவரி ஆரம்பிச்சோம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மிஷன்: ஆபீஸ் போறவங்களுக்கு வீட்டுச் சாப்பாடு. பொசிஷனிங்: ஏரியாவிலேயே குறைந்த விலை. எங்க பலம்: எந்த மெனு கேட்டாலும் தருவோம். ஒவ்வொரு வரியும் அழகாத்தான் இருந்தது. ஆனா தினமும் பன்னிரண்டு வகை சமைச்சா விலை எப்படிக் குறையும்? அதை யாருமே கேட்கலை. பதினாலு மாசத்துல அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு, சமையலறைக்கும் பூட்டு விழுந்தது.

இப்போ மதுரைக்கு வாங்க. 1976-இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மிஷன்: தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது.

அந்த மிஷன்ல இருந்து ஒவ்வொரு முடிவும் எப்படிப் பிறக்குதுன்னு பாருங்க. பணம் இல்லாதவருக்கும் சிகிச்சை தரணும். அதனால, கட்டணம் செலுத்துபவர்களின் வருமானம் மற்றவர்களின் செலவையும் தாங்கணும். அதனால, ஓர் அறுவைக்கு ஆகும் செலவு குறையணும். அதனால, எண்ணிக்கை கூடணும். டாக்டர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அதற்குக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தாங்க. அத்தனை நோயாளிகள் எங்கிருந்து வருவாங்க? ஊர் ஊரா கண் சிகிச்சை முகாம். வெளிநாட்டு லென்ஸ் விலை அதிகம். அதனால 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரிச்சாங்க.

இதையெல்லாம் சாத்தியமாக்கிய ட்ரேட்-ஆஃப் ஒண்ணு இருக்கு: கண் மட்டும்தான். இதயம், எலும்புன்னு போகலை.

மைக்கேல் போர்ட்டர் 1996-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பொருத்தத்துக்கு 'ஃபிட்' என்று பெயர் சொல்கிறார். தனியா ஒரு செயலைக் காப்பியடிக்கலாம். இரண்டு மேசை போடுவது எவருக்கும் முடியும். முகாம், பயிற்சி, லென்ஸ், கட்டணம் எல்லாம் ஒன்றையொன்று தாங்கும் அமைப்பைக் காப்பியடிப்பது கஷ்டம். காம்பெட்டிட்டிவ் அட்வான்டேஜ் இருப்பது அந்தப் பிணைப்பில்தான்.

அதனால ஒரு சின்ன வீட்டுப்பாடம். உங்க பிளானில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் நடுவில் 'அதனால' என்று எழுதிப் படிச்சுப் பாருங்க. எங்க இடிக்குதோ, அங்கதான் பணம் கரையும். நான் அதைப் பலகையிலேயே செஞ்சிருந்தா, இரண்டாவது வரியிலேயே நின்னிருப்பேன்.

வளையலை மீட்டாச்சு, கவலைப்படாதீங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.